ஆயுள் உரிமை எழுதாத ராஜா

பாறசாலை,
6 ஜனவரி 2025

ஆனந்தலட்சுமிக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பேசுவதில்லை என்று நான்கு வருஷத்துக்கு முன் எடுத்த முடிவில் எந்த மாற்றமும் இல்லை. கடிதம் பேச்சில் சேராது. சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து நாற்பத்தொரு வருஷமாக ஊராரின் நிலத்துக்கும் வீட்டுக்கும் ஆதாரப் பத்திரம் எழுதுகிறவன் நான். எது பேச்சு, எது எழுத்து என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

விஷயம் இதுதான். நம் வாசகசாலை ஆண்டுவிழா பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நாடகத்தில் ராஜாவாக நடிக்க இருந்த உண்ணி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். செயலாளர் எலியா என் கடை வாசலில் வந்து நின்றான். "அண்ணே, இந்தக் கெழட்டு ராஜாவுக்கு ஒங்கள விட்டா ஆளு இல்ல. ஒண்ணு ஏறி நில்லுங்கோ" என்றான். சிறுவயதில் நாலைந்து நாடகம் நடித்தவன் என்பதால் சரி என்றுவிட்டேன். நோட்டை வாங்கித் திறந்தால் உன் கையெழுத்து. ஆங்கில நாடகம், தமிழில் ஆனந்தலட்சுமி என்று போட்டிருந்தது. எலியா காட்டாக்கடைக்கு வந்து உன்னிடம் வாங்கிப் போன நோட்டாம். சரி என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்வது என் வழக்கம் இல்லை. அதனால் நடிக்கிறேன்.

கதையைப் படித்தேன். வயசான ராஜா மூன்று பெண்மக்களுக்கு நாட்டைப் பகிர்ந்து கொடுக்கிறான். கொடுப்பதற்கு முன், என்மேல் எவ்வளவு பாசம் என்று சொல்லுங்கள் என்கிறான். மூத்த இரண்டு பேரும் வாய் நிறையச் சொல்கிறார்கள். இளையவளுக்கு அது வரவில்லை. அவளை வெறுங்கையோடு விரட்டுகிறான். வாங்கிக்கொண்டவர்கள் அவனை மழையில் இறக்கி விடுகிறார்கள். இந்த ராஜா என் மேஜைக்கு வந்திருந்தால் இஷ்டதானப் பத்திரம் எழுதும்போதே, தான் இருக்கும் காலம் வரை வீட்டிலும் நிலத்திலும் இருந்து அனுபவிக்க ஆயுள் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்திருப்பேன். நாடகமே நடந்திருக்காது. நானூறு வருஷமாக ஒரு ஆதாரமெழுத்துக்காரன் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

அது போகட்டும். என் ஆட்சேபம் கடைசிக் காட்சி. இளையவள் தகப்பனைத் தேடி வருகிறாள், அவளைக் கொன்றுவிடுகிறார்கள், ராஜா பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தானும் சாகிறான் என்று எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். அவள் மயங்கிக் கிடந்து எழும்பட்டும். அந்த இரண்டு பக்கத்தை மாற்றி எழுதி எலியாவுக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
சிவதாணு பிள்ளை

காட்டாக்கடை,
11 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டேன். வினீத்தான் பிரித்துத் தந்தார். படித்து முடித்தபோது வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

நான்கு வருஷம் அப்பா. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. எந்த வீட்டில் இருக்கிறாய், இன்னும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறாயா, எதுவும் இல்லை. இரண்டு பக்கத்தை மாற்று என்று உத்தரவு மட்டும் வருகிறது. கடிதம் பேச்சில் சேராதாம். இந்தச் சாமர்த்தியம் உங்களுக்குத்தான் வரும்.

நீங்கள் நடிக்கிறீர்கள் என்று எலியா அண்ணன் என்னிடம் சொல்லவே இல்லை. தெரிந்திருந்தால் நோட்டைக் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் முடிவை மாற்ற மாட்டேன். நாடகத்தை எழுதியவன் அந்தப் பெண்ணை இரக்கம் இல்லாமல் கொல்லவில்லை. தகப்பனுக்குப் புத்தி வரும்போது நேரம் கடந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த நாடகம் நானூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. பிள்ளைகள் கைவிட்ட தகப்பன் மழையில் நிற்கிற காட்சி நம் சினிமாவில் எத்தனை வந்துவிட்டது! டிவி தொடரில் இன்றைக்கும் வருகிறது. அது எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது தாத்தாவோடு வளர்கிற ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது எங்க அப்பூப்பன் கதையாக்கும்" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

தாமதமாக வந்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படி ஒரு அனுபவம் இல்லை அப்பா. கல்யாணத்துக்கு முன் ஒரு மாசம் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபோதுகூட நீங்கள் பேப்பரை மடிக்கவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆனந்தலட்சுமி

பாறசாலை,
15 ஜனவரி 2025

ஆனந்தலட்சுமிக்கு,

பேசவில்லை என்கிறாய். யார் முதலில் பேசியிருக்க வேண்டும்?

உன் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன் ஒரு நாள் பதினொரு மணிக்கு டீ குடிக்க எழுந்தேன். போகிற வழியில் ஆபீஸ் நோட்டீஸ் பலகையைப் பார்ப்பது என் தொழில் பழக்கம். பார்த்தேன். ரிஜிஸ்டர் கல்யாண நோட்டீஸ். மணமகன் வினீத், காட்டாக்கடை. மணமகள் ஆனந்தலட்சுமி, சிவதாணு பிள்ளை மகள், பாறசாலை. நோட்டீசைக் காட்டாக்கடையில் கொடுத்தால் அங்கேயே இருக்கும் என்று நினைத்தாய். பெண்ணின் விலாசத்து ஆபீசுக்கும் ஒரு நகல் வரும் என்று ஆதாரமெழுத்துக்காரன் மகளுக்குத் தெரியவில்லை. என் மகளின் கல்யாணத்தை நான் பலகையில் படித்துத் தெரிந்துகொண்டேன், மக்கா. எனக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சட்டம் தரும் முப்பது நாளும் அந்தக் காகிதம் அங்கே தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். சொந்தக்காரர்கள் வந்து, "ஒரு ஆட்சேபம் எழுதிக் குடும், மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுகோம்" என்றார்கள். ஊரில் யார் ஆட்சேபம் எழுதினாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதவில்லை. அதை நீ கணக்கில் வைக்கவே இல்லை.

இப்போது நாடகம். எலியா போனில் ஒன்றைத் தேடிக் காட்டினான். அந்த இங்கிலாந்திலேயே ஜனங்களுக்கு இந்த முடிவு தாங்கவில்லையாம். ஒருத்தர் மாற்றி எழுதி, அந்தப் பெண்ணை உயிரோடு வைத்து, கல்யாணமும் செய்து வைத்துவிட்டார். நூற்றைம்பது வருஷம் அப்படித்தான் நடித்தார்கள். வெள்ளைக்காரனுக்கே தாங்கவில்லை என்றால் பாறசாலைக்காரனுக்கு எப்படித் தாங்கும்? இதை நீ எனக்கு எழுதவில்லை. உன் கட்சிக்குச் சாதகம் இல்லாத ஆவணத்தை மறைத்துவிட்டாய்.

இன்னொன்று. இளையவளாக நடிப்பவள் நம் தெரு ஜிஷா, நர்சிங் படிக்கிறாள். ஆள் பார்க்க ஒல்லி, தூக்கினால் நல்ல கனம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. செத்துக் கிடக்கும்போது சிரிக்கிறாள். இதை எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

நாடகத்துக்கு நீ வரவேண்டாம். ஊர் உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கும்.

சிவதாணு பிள்ளை

காட்டாக்கடை,
20 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

மாற்றி எழுதின கதை எனக்கு நன்றாகத் தெரியும். எம்.ஏ.வில் அதைப் பற்றிப் பரீட்சையே எழுதினேன். நூற்றைம்பது வருஷம் கழித்து அவர்களே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய முடிவுக்கே திரும்பினார்கள். அந்தப் பக்கத்தையும் எலியா அண்ணனைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். மறைத்தது நான் இல்லை.

நோட்டீஸ் விஷயம். நான் சொல்ல வந்தேன் அப்பா, மூன்று தடவை. ஒரு தடவை நீங்கள், நம் ஆட்களில் நாகர்கோவிலில் ஒரு பையன் இருக்கிறான் என்று ஆரம்பித்தீர்கள். இன்னொரு தடவை உங்கள் மேஜையில் யாரோ உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள், "எந்தா, பைசா வேணுமா?" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் எனக்கு வரவில்லை. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

நீங்கள் ஆட்சேபம் எழுதவில்லை என்பதை நான் கணக்கில் வைக்கவில்லையாம். எப்படி வைப்பது? எழுதாத ஒன்றை நான் எந்தப் பலகையில் படிப்பேன்?

இதையும் எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். போன ஆகஸ்டில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. திருவனந்தபுரத்தில் பதினொரு நாள் கிடந்தேன், அதில் நாலு நாள் ஐ.சி.யூ. கிட்னி கைவிட்டுவிடும் என்று டாக்டர் வினீத்திடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்குச் செய்தி சொல்லிவிட்டதாக எலியா அண்ணன் சொன்னார். கண் திறந்த ஒவ்வொரு தடவையும் நான் கதவைப் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. சண்டை இருந்தால் இருக்கட்டும், பேசாமல் வந்து நின்றுவிட்டாவது போயிருக்கலாமே! அன்றைக்கு வராத தகப்பனுக்கு, நாடகத்தில் மகள் எழுந்து உட்கார வேண்டுமாம்.

முடிவில் ஒரு வரி மாற்றினாலும் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லுங்கள். வேறு நாடகம் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனந்தலட்சுமி

பாறசாலை,
25 ஜனவரி 2025

ஆனந்தலட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். என் தொழிலில் தாளைக் கிழிக்கிற வழக்கம் இல்லை.

நான் வந்தேன்.

எலியா கடைக்கு வந்து சொன்னதும் பேனாவை மூடக்கூட இல்லை. ஒருத்தரின் ஆதாரம் பாதியில் கிடந்தது, அப்படியே போட்டுவிட்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் ஐ.சி.யூ. வாசலில் ஒரு செக்யூரிட்டி. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான், அது கணவர் கையில் இருக்கிறது என்றார். "நிங்ஙள் ஆரா?" என்று கேட்டார். அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவன் அப்பா என்று சொல்லிக்கொண்டு எந்த உரிமையில் உள்ளே போவது? ஊர்க்காரன் என்று சொன்னேன். ஊர்க்காரரை விட மாட்டார்களே. படியிறங்கி வந்து கீழே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் அப்படித்தான். காலை வண்டியில் வருவேன், சாயங்கால வண்டியில் திரும்புவேன். வினீத் இரண்டு தடவை எனக்கு முன்னாலேயே நடந்து போனான், கல்யாண நோட்டீசில் இருந்த போட்டோவில் பார்த்த முகம். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஸ்ட்ரெச்சர் முழுக்க மூடி லிப்டிலிருந்து வெளியே வந்தது. கால் பக்கம் கொஞ்சம் விலகியிருந்தது, பெண்பிள்ளைக் கால். நீ என்று நினைத்துவிட்டேன். எழுந்து பின்னாலேயே போனேன். கூட வந்தவர்கள் வேறு ஆட்கள் என்று தெரிகிறவரை போனேன். எவ்வளவு தூரம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. மறுநாள் உன்னை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எலியா சொன்னான். அதற்கப்புறம் நான் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இடுப்பும் இல்லை, ஜிஷாவின் கனமும் இல்லை. அந்தக் காட்சியை நான் ஒருதடவை நடந்து பார்த்துவிட்டேன். அதையே ஜிப்பாவும் கிரீடமும் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒத்திகை பார் என்றால் எனக்கு ஏலாது. எவளோ ஒரு ராஜா மகள் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்ற மாட்டேன் என்கிறது.

நோட்டு உன்னுடையது. இதற்குமேல் நீ சொல்.

சிவதாணு பிள்ளை

பாறசாலை,
30 ஜனவரி 2025

ஆனந்தலட்சுமிக்கு,

ஐந்து நாளாகத் தபாலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சரி, அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று என் இஷ்டப்படி ஒரு முடிவை நானே எழுதி ஒத்திகை பார்த்தோம். பெண் எழுந்து உட்கார்கிறாள், ராஜா சிரிக்கிறான், எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள், திரை. அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எலியா நன்றாயிருக்கிறது என்றான். ஜிஷா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். "மாமா, இதிலே நீங்க என்கிட்ட ஒண்ணுமே சொல்லல்லியே. அந்த அக்கா எழுதினதிலே, நான் செத்தப்பொறவு எவ்வளவு சொல்லுதியோ! அது வேணும்னா நான் சாகத்தான் வேணும் போல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுதின இரண்டு பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். ராஜா ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மகள் பிழைத்துவிட்டாள் இல்லையா, இனி எதற்கு என்று விட்டுவிட்டான். ஆகஸ்டில் உன்னை வார்டுக்கு மாற்றினார்கள் என்றதும் நான் செய்ததும் அதுதான்.

உன் முடிவையே நடிக்கிறேன். தூக்கிக்கொண்டு வருகிறேன், எழுதின எல்லா வரியையும் சொல்கிறேன். ஆனால் நீ வராதே. பழைய பிடிவாதத்தில் சொல்லவில்லை. அதை நீ பார்க்கக்கூடாது.

சிவதாணு பிள்ளை

காட்டாக்கடை,
30 ஜனவரி 2025

அப்பா,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுவதும் அழுதேன். மறுநாள் கோபம் வந்தது. மூன்று நாள், மூன்று மாடி கீழே! நான் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், நீங்கள் கீழே உட்கார்ந்திருந்தீர்கள். ஊர்க்காரன் என்று சொன்னீர்களாம். நீங்கள் என்ன மனுஷன் அப்பா? அப்பா என்று அந்த ஆளிடம் சொல்வதற்கு உங்களுக்கு எந்த ஆதாரம் தேவைப்பட்டது?

வினீத்திடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு உங்கள் முகம் தெரியாதே, கல்யாணத்துக்கு நீங்கள் வந்தால்தானே! "தட்டி விளிச்சிருந்தா அப்பவே பாஸ் குடுத்திருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நேற்று சாப்பிடவில்லை.

இரண்டு நாள் என்னிடம் இருந்த பிரதியோடு உட்கார்ந்து முடிவை மாற்றி எழுதிவிட்டேன். பரீட்சையில் நான் என்ன எழுதினேன் என்பது இருக்கட்டும். உங்களை இன்னொரு தடவை அந்த ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடக்கவிட எனக்கு மனசு இல்லை. பெண் எழுந்துவிடுகிறாள். இரண்டு பக்கமும் இதோடு இருக்கிறது, கையில் கிடைத்ததுமே ஒத்திகை பாருங்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் நடியுங்கள்.

வரவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனந்தம்

பாறசாலை,
3 பிப்ரவரி 2025

ஆனந்தலட்சுமிக்கு,

உன் கடிதம் இன்று காலை பதினொன்றரைக்கு வந்தது. நாடகம் நேற்று முடிந்துவிட்டது. காட்டாக்கடையிலிருந்து பாறசாலைக்கு ஒரு காகிதம் வர நாலு நாள். நடந்து வந்திருந்தாலும் அரை நாளில் வந்திருக்கும். உன் இரண்டு பக்கத்தையும் படித்தேன். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. என்ன பிரயோஜனம்?

என் கடிதமும் உனக்கு இன்றைக்குத்தான் கிடைத்திருக்கும். அதில் சொன்னபடி உன் பழைய முடிவைத்தான் நடித்தேன். நடந்ததை ஊரார் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், நோட்டீஸ் பலகை வேண்டாம்.

கூட்டம் நல்ல கூட்டம். மழைக்காட்சியில் ஒரு கிழவர் எழுந்து, "ஆதாரத்தை ரத்து செய்யுங்கோ!" என்று கத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். கடைசிக் காட்சி வந்தது. ஜிஷாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் நேற்று சிரிக்கவில்லை, கையைத் தொங்கவிட்டு அசையாமல் கிடந்தாள். கீழே கிடத்தினேன். ராஜா மகள் பேரைச் சொல்லி எழும்பச் சொல்லும் இடம். பேர் வரவில்லை. அந்த இங்கிலீஷ் பேர் ஒரு மாசம் ஒத்திகையில் தினமும் வந்த பேர்தான். திரைக்குப் பின்னால் பிராம்ப்ட் செய்கிற அனூப் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தான். எனக்கு அது யாரோ பேர் போல இருந்தது. என் வாயில் வந்தது வேறு. "ஆனந்தம், எழும்பு மக்கா. அப்பா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். மைக் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது.

நான்கு வருஷமாக வீட்டில்கூட நான் சொல்லாத பேர். ஊர் முழுக்க அந்தப் பேர் தெரியும். பிறகு பின்னால் எங்கோ ஏதோ சத்தம் கேட்டது, கூட்டம் என்றால் ஏதாவது சத்தம் இருக்கும்தானே. அதற்கப்புறம் ராஜாவுக்கு இன்னும் பதினாறு வரி உண்டு. ஒரு வரி சொல்லவில்லை. மரம் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். அனூப் கத்திப் பார்த்துவிட்டு, வேறு வழி இல்லாமல் திரையை விட்டான்.

நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எலியா முகம் கொடுத்துப் பேசவில்லை. ராஜா சாகாமலே நாடகம் முடிந்துவிட்டது என்று வாசகர்கள் இரண்டு பேர் புகார் செய்திருக்கிறார்கள். குற்றம் உன் மொழிபெயர்ப்பிலும் உண்டு. அந்த இடத்தில் அவ்வளவு நீளமாக யார் வசனம் எழுதச் சொன்னது?

சிவதாணு பிள்ளை

காட்டாக்கடை,
6 பிப்ரவரி 2025

அப்பா,

நான் வந்திருந்தேன்.

வினீத்தும் நானும் கடைசி வரிசைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் நின்றோம். முகத்தில் துப்பட்டாவைப் போட்டிருந்தேன். என் இரண்டு பக்கம் கிடைத்திருக்கும், பெண் எழுந்துவிடுவாள் என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காட்சியில் நீங்கள் நடித்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, வினீத் கையைப் பிடித்து இழுத்து, எங்கப்பா எங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் எழ மாட்டாள் என்று. எனக்கு அங்கேயே உங்கள் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. பிடிவாதம் பிடித்து மாற்றச் சொன்னது நீங்கள். மாற்றிக் கொடுத்ததும் பழையதை நடிக்கிறீர்கள்! உங்கள் கடிதம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் கூப்பிட்டீர்கள்.

நான் பதில் சொன்னேன் அப்பா. யோசித்துச் சொல்லவில்லை, தன்னாலே வந்துவிட்டது. "என்னப்பா, நான் இங்கதான் உண்டு" என்று சத்தமாகவே சொன்னேன். முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் வரவேண்டும் என்று பாதி தூரம் வந்தேன். நீங்கள் கிரீடத்தைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள், சுற்றிலும் ஆட்கள். நான் வந்து நின்று, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பேப்பரை மடிக்காத அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரும்பிப் போய் பஸ் ஏறினேன். கடிதம் எழுதத்தான் உங்களுக்கும் எனக்கும் தைரியம் இருக்கிறது.

இனி எனக்கு இதற்கு மேல் ஏலாது. கேட்டதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

ஆனந்தம்

பாறசாலை,
10 பிப்ரவரி 2025

ஆனந்தத்துக்கு,

காஞ்சிரங்குளத்தில் ஒரு கிளப்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். இதே நாடகத்தை அங்கேயும் போட வேண்டுமாம், அந்தக் கடைசி இடத்தை அப்படியே செய்ய வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்ணிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, அவன் நடிக்கட்டும். பதினாறு வரியையும் அவன் ஒழுங்காகச் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். இரண்டு பேரும்தான். அவனிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, பேசாமல் உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வை. பைக்கில் வராதீர்கள், நெய்யாற்றின்கரைக்கு இப்பால் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். கேட்டது. நீ வாயைத் திறந்ததுமே கேட்டது. மரம் மாதிரி உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, அதனால்தான். செத்த மகளைக் கூப்பிடுகிற ராஜாவுக்கு அந்தப் பதினாறு வரி. எனக்கு என் மகள் பதில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நான் எந்த வரியைச் சொல்ல?

அப்பா